டாக்டரம்மா பதில்கள்: வலித்துக் காட்டாத உறுப்பு

சிறுநீரகம், சிறுநீர்ப்பாதை பற்றிய சந்தேகங்களை எழுதி அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தேன். பதினேழு கடிதங்கள் வந்திருக்கின்றன. பன்னிரண்டில் பெயர் இல்லை, ஊர் மட்டும் இருக்கிறது. "வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்" என்று தொடங்கியவற்றை எண்ணிப் பார்த்தேன்: ஒன்பது. ரங்கூனிலும் வெளியூர்களிலும் 35 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்தவள் நான். இருமலை மறுநாளே வந்து சொல்லும் நம் மக்கள், சிறுநீரில் இரத்தம் கண்டால் மூன்று மாதம் மூடி வைத்துவிட்டு வருவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். ஆகையால் இந்த முறை சில பதில்கள் நீளமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு 34 வயது. போன மாதம் ஒரு நாள் இரவு, அவித்த தன்யின் கொட்டை பத்துப் பன்னிரண்டு தின்றார். விடியற்காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். சிறுநீர் சொட்டுச் சொட்டாக, இரத்தம் கலந்து வந்தது. இரண்டு நாளில் சரியாகிவிட்டது. சின்ன வயதிலிருந்து தின்கிறார், இதுவரை ஒன்றும் ஆனதில்லை. என் மாமியார் கண்திருஷ்டி என்கிறார். அவர் இனித் தின்னலாமா, டாக்டரம்மா?
— வாசகி, சௌக்தான்

பதில்: திருஷ்டி இல்லை, தங்கையே. தன்யின்தான், ஜெங்கோல் என்றும் சொல்லும் மரக்கொட்டை. அந்தக் கொட்டையில் ஜெங்கோலிக் அமிலம் என்று கந்தகம் கலந்த ஒரு பொருள் இருக்கிறது. தின்ற மறுநாள் கழிப்பறையில் அடிக்கும் நெடிக்குக் காரணம் அந்தக் கந்தகமே. சிறுநீர் புளிப்புத் தன்மையோடு இருக்கும்போது இந்த அமிலம் சரியாகக் கரையாது. உடம்பில் தண்ணீரும் குறைந்துவிட்டால் அது ஊசி ஊசியாகப் படிந்து, சிறுநீரகத்தின் நுண்குழாய்களையும் அதிலிருந்து இறங்கும் குழாயையும் கீறிவிடுகிறது. அந்தக் கீறலில் வந்ததுதான் நீங்கள் கண்ட இரத்தம். சில பேருக்கு ஊசிகள் குழாயை அடைத்தே விடும். அப்போது சிறுநீர் நின்றுபோகும்.

1981 மழைக்காலத்தில் நான் பயிற்சி மருத்துவராக இருந்தேன். தேநீர்க் கடையில் எடுபிடி வேலை செய்த பதினாறு வயதுப் பையன் ஒருவனைத் தூக்கி வந்தார்கள். நீர் பிரிந்து ஒன்றரை நாள் ஆகியிருந்தது. சிறுநீர்ப்பை நிறைந்து கிடக்கும் என்று நினைத்துக் குழாய் போட்டோம். ஒரு தேக்கரண்டி அளவு, கலங்கலாக வந்தது. பரிசோதனைக் கூடத்துப் பெரியவர் என்னைக் கூப்பிட்டு நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். வைக்கோல் கட்டுகளை அவிழ்த்துப் போட்டதுபோல் கண்ணாடி முழுவதும் ஊசிகள். "பையன் தன்யின் தின்றிருக்கிறான், போய்க் கேள்" என்றார். கேட்டேன். காலையிலிருந்து வெறும் வயிற்றில் இருந்தவன், இரவு கடையில் மீந்துபோன கொட்டைகளை ஒரு தட்டு நிறையத் தின்றிருந்தான். நரம்பு வழியாக உப்புநீரும் சோடியம் பைகார்பனேட்டும் ஏற்றினோம். இந்த பைகார்பனேட், சிறுநீரின் புளிப்பை மாற்றி ஊசிகளைக் கரையவைக்கும். மூன்றாம் நாள் இரவு அவனுக்குச் சிறுநீர் பிரிந்தபோது, அந்த வார்டில் படுத்திருந்தவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே என்கிறீர்கள். ஒரே தட்டில் கை போட்டுத் தின்ற நாலு பேரில் ஒருவருக்கு மட்டும் வரும். அவருக்கும் இருபது முறை வராமல் இருபத்தோராம் முறை வரும். இத்தனை கொட்டை வரை பாதகமில்லை என்று யாராலும் கணக்குச் சொல்ல முடியாது. ஒரு முறை இரத்தம் கண்டவர் அதை விட்டுவிடுவதே நல்லது. உங்கள் கணவருக்கு என் பதில் அதுதான். மற்ற வீடுகளில் ஆசையை அடக்க முடியாதவர்கள் பச்சையாகவோ முற்றியதாகவோ தின்னாதீர்கள். நன்றாக அவித்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, இரண்டு மூன்று கொட்டையோடு நிறுத்துங்கள். விரதம் இருந்த நாளிலும் வெயிலில் வேர்த்துக் கொட்டிய நாளிலும் தொடவே வேண்டாம். தின்ற சில மணி நேரத்தில் இடுப்போ அடிவயிறோ வலித்தால் தண்ணீர் குடித்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். போனதும் முதல் வார்த்தையாகத் "தன்யின் தின்றேன்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை மருத்துவருக்கு அரை நாள் மிச்சமாக்கும்.

கேள்வி: ரங்கூனில் ஒரு சந்தையில் துணிக்கடை வைத்திருக்கிறேன். வயது 41. இந்த ஆண்டு நாலு முறை நீர்க்கடுப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டால் நின்றுவிடுகிறது. சூடுதான் காரணமா? காலையிலிருந்து மாலை வரை கடையை விட்டுப் போக முடியாது. ஆகையால் தண்ணீரே குடிப்பதில்லை.

பதில்: உங்கள் கடைசி இரண்டு வரிகளில் பாதிப் பதில் இருக்கிறது. பெண்களுக்குச் சிறுநீர் வெளிவரும் குழாய் நான்கு சென்டிமீட்டர் அளவுதான். குடலில் குடியிருக்கும் கிருமிகள், முக்கியமாக ஈ கோலை, அந்தச் சிறிய வழியில் எளிதாக ஏறிவிடும். ஏறியவற்றை அவ்வப்போது கழுவித் தள்ளுவது சிறுநீர்தான். எட்டு மணி நேரம் அடக்கி வைத்தால் அவை பெருகிவிடுகின்றன. வெயில் காலத்தில் தண்ணீர் குறைவதால் கடுப்பு கூடும்; அந்த அளவில் நம் பாட்டிமார் சூடு என்று சொன்னதில் பொருள் உண்டு.

இரண்டு மாத்திரையோடு நிறுத்துவதுதான் எனக்குக் கவலை தருகிறது. பலவீனமான கிருமிகள் செத்துப்போக, மருந்துக்கு அசையாதவை தங்கி, இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வருகின்றன. நாலாவது முறை என்பதால் இனிக் கடை மாத்திரை வேண்டாம். சிறுநீரைக் கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று அதில் தெரியும். மருத்துவர் சொல்லும் நாள் வரை மருந்தை முழுதாகச் சாப்பிடுங்கள். கூடவே இரத்தச் சர்க்கரையும் பாருங்கள்; அடிக்கடி வரும் நீர்க்கடுப்பை வைத்தே சர்க்கரை நோயைக் கண்டுபிடித்த பெண்கள் எத்தனையோ பேர்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், முதுகில் விலாவுக்குக் கீழே வலி, வாந்தி இவை சேர்ந்தால் கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கருவுற்ற பெண்கள் கடுப்பே இல்லாவிட்டாலும் சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டும். கடையை விட்டுப் போக முடியாது என்கிறீர்கள். பக்கத்துக் கடைப் பெண்ணும் இதே போல் அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். இருவரும் பேசிக்கொண்டு முறை வைத்துப் பத்து நிமிடம் போய் வாருங்கள்.

கேள்வி: எனக்கு 52 வயது. சர்க்கரை நோய் பத்து ஆண்டுகளாக இருக்கிறது. சிறுநீரில் நுரை வருகிறது, நேரமானாலும் அடங்குவதில்லை. வலி எதுவும் இல்லை. முழங்கால் வலிக்கு மட்டும் மருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தரும் கலவை மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறேன். வலி இல்லாததால் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாமா?
— வாசகர், பெகு

பதில்: ஐயா, இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சற்று நேரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். காரணத்தைச் சொல்கிறேன்.

என் தாயார் முழங்கால் வலிக்கு ஆறு ஆண்டுகள் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை சாப்பிட்டார். வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் அதை வாங்கி வந்து கொடுத்தவள் நான். வலிக்கிறது என்றார், வலியைப் போக்கினேன். ஒரு முறைகூட அவருடைய இரத்தத்தை எடுத்து, சிறுநீரகம் தளர்ந்தால் ஏறும் கழிவான கிரியாட்டினின் எவ்வளவு என்று பார்க்கவில்லை. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் பார்த்தவள், வீட்டில் பார்க்கவில்லை. அவருக்குச் சோறு பிடிக்காமல் போய், குமட்டல் வந்து, கணுக்கால் வீங்கிய பிறகுதான் பார்த்தேன். 4.8 இருந்தது, மிக அதிகம். அதற்குப் பிறகு அவர் இரண்டு ஆண்டுகள்தான் இருந்தார். கடைசி வரை இடுப்பில் ஒரு நாள்கூட வலித்ததில்லை.

சிறுநீரகம் அப்படிப்பட்ட உறுப்பு. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய பத்து லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் 180 லிட்டர் வடித்து, அதில் ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் வெளியே விட்டுவிட்டு மற்றதையெல்லாம் உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. பாதி வடிகட்டிகள் அழிந்தாலும் மீதிப் பாதி இரட்டை வேலை செய்து சமாளிக்கும். கல்லோ கிருமியோ இருந்தால் வலிக்கும். சர்க்கரையாலும் இரத்தக் கொதிப்பாலும் தேயும்போது வலிக்காது.

உங்கள் சிறுநீரில் அடங்காமல் நிற்கும் நுரை, பெரும்பாலும் புரதம் ஒழுகுவதன் அடையாளம். நாளைக்கே மூன்று பரிசோதனை செய்யுங்கள்: சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம், இரத்தத்தில் கிரியாட்டினின், இரத்த அழுத்தம். கிரியாட்டினின் தாளில் "சரியான அளவு" என்று இருந்தாலும் வயதையும் வைத்துக் கணக்கிட்டுச் சொல்லும்படி மருத்துவரைக் கேளுங்கள். மெலிந்த முதியவர்களுக்கு அந்த எண் ஏமாற்றிவிடும். என் அம்மா 44 கிலோதான் இருந்தார். புரத ஒழுக்கைக் குறைத்துச் சிறுநீரகத்தைக் காக்கும் இரத்த அழுத்த மாத்திரைகள் இருக்கின்றன. விலை அதிகமில்லை. மருத்துவர் அதைத் தொடங்கினால் சில வாரத்தில் கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் மறுபடி பார்க்க வேண்டும்.

பொட்டலத்தை இன்றே நிறுத்துங்கள். அதில் என்ன இருக்கிறது என்று உறையில் எழுதியிருப்பதில்லை. பல பொட்டலங்களில், என் தாயாரின் சிறுநீரகத்தைக் கெடுத்தது போன்ற வலி மாத்திரையோடு ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றி, கொதிப்பையும் ஏற்றும். ஸ்டீராய்டை நெடுநாள் சாப்பிட்டவர் திடீரென்று விட்டால் மயக்கமும் சோர்வும் வரக்கூடும். ஆகவே நிறுத்தும் அன்றே மருத்துவரிடம் போங்கள், மீதிப் பொட்டலத்தையும் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். வலிக்குப் பாராசிட்டமாலை அளவோடு சாப்பிடலாம்.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளுக்கு 5 கிராமுக்குள். ஙப்பி என்னும் உப்பிட்ட மீன் விழுது, மீன் சாறு, கருவாடு, ஊறுகாய் நான்கும் ஒரே இலையில் இருந்தால் அது முதல் கவளத்திலேயே தீர்ந்துவிடும். ஙப்பியே கூடாது என்று சொன்னால் நம் வீடுகளில் யாரும் கேட்கப் போவதில்லை. அதைப் போட்ட குழம்பில் தனியாக உப்புப் போடாதீர்கள். அதுவே பெரிய வித்தியாசம். "குறைந்த சோடியம்" என்று விற்கும் உப்பை மட்டும் வாங்காதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும் ஆபத்து உண்டு. அதே காரணத்தால், கிரியாட்டினின் ஏறியவர்கள் இளநீரையும் மருத்துவரைக் கேட்டே குடிக்க வேண்டும்.

கேள்வி: என் அண்ணனை நெல் அறுக்கும்போது கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. முதலில் நாட்டு வைத்தியரிடம் போனோம். இரண்டாம் நாள் ஈறில் இரத்தம் வந்தது, மூன்றாம் நாள் சிறுநீர் நின்றுவிட்டது. மூன்று வாரம் டயாலிசிஸ் செய்து பிழைத்துவிட்டார். கடித்தது காலில். சிறுநீரகம் எப்படிக் கெட்டது?
— வாசகர், தன்லின்

பதில்: தம்பி, நானும் அந்தப் பக்கத்து மண்தான். பீலிக்கான் முனீஸ்வரர் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில், வயல் நடுவில் எங்கள் வீடு. அறுவடை தொடங்கும் முன் என் அப்பா அரிவாளை வைத்துக் கும்பிட்டுவிட்டு, வரப்பில் தடியால் தட்டிக்கொண்டே இறங்குவார். பர்மியர் ம்வேப்வே என்று சொல்லும் இந்தப் பாம்புக்கு அவ்வளவு பயம். இந்த நாட்டில் நஞ்சேற்றும் கடிகளில் பெரும்பங்கு இதனுடையதுதான்.

அதன் நஞ்சு இரத்தத்தை உறையவைக்கும் பொருள்களையெல்லாம் செலவழித்துத் தீர்த்துவிடும். நுண்ணிய இரத்தக் குழாய்களில் சிறு கட்டிகள் அடைக்கும். மற்ற இடங்களில் இரத்தம் உறையாமல் கசியும். குழாய்ச் சுவர்கள் ஒழுகி இரத்த அழுத்தம் விழும். நஞ்சு நேராகவும் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைத் தாக்கும். இத்தனையும் சேர்ந்து சில நாளில் சிறுநீரை நிறுத்திவிடுகின்றன. மருத்துவமனையில் இரண்டு மில்லிலிட்டர் இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் ஆடாமல் வைப்பார்கள். உறையாவிட்டால் நஞ்சு ஏறிவிட்டது என்று தெரிந்துவிடும். உடனே விஷமுறிவு ஊசி போட வேண்டும். நம் ஊர் கண்ணாடி விரியன் இந்தியாவில் உள்ளதற்கு உறவுதான், ஆனால் தனி இனம். அதனால் இதன் நஞ்சைக் கொண்டே, குதிரைகளுக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, இந்நாட்டு அரசு மருந்துத் தொழிற்சாலை ஊசி தயாரிக்கிறது. இரத்தத்தில் சுற்றும் நஞ்சைத்தான் அந்த ஊசி அடக்கும். ஏற்கெனவே அடிபட்டுவிட்ட சிறுநீரகத்தை அது திருப்பித் தராது. உங்கள் அண்ணன் வைத்தியரிடம் இழந்த அந்த இரண்டு நாள்தான் டயாலிசிஸில் கொண்டுவிட்டது.

அவருக்குச் சிறுநீர் திரும்பியது பெரிய நல்ல செய்தி. ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கிரியாட்டினினும் இரத்த அழுத்தமும் பாருங்கள். ஓயாத களைப்பு, குளிர் தாங்காமை, மீசை தாடி மெலிவது போன்ற மாற்றங்கள் தெரிந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த நஞ்சு சில பேருக்கு மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியையும் பழுதாக்கிவிடும். இனி யாரையாவது கடித்தால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுக்காதீர்கள். காலை அசைக்காமல் கட்டை வைத்துக் கட்டி, படகோ வண்டியோ எது முதலில் கிடைக்கிறதோ அதில் ஏற்றுங்கள். அறுவடைக்கு இறங்கும் பிள்ளைகளுக்குக் கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். கடி பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும்தான்.

கேள்வி: சிறுநீரகத்தில் 4 மில்லிமீட்டர் கல் இருப்பதாக ஸ்கேனில் வந்தது. வாழைத்தண்டுச் சாறு கல்லைக் கரைக்கும் என்கிறார்கள். மொகிங்கா என்னும் மீன் குழம்பு நூடுல்ஸில் வாழைத்தண்டு போடுகிறார்களே, தினமும் அதைச் சாப்பிட்டால் போதாதா?
— வாசகர், மாண்டலே

பதில்: ஆசையான கேள்வி. மொகிங்காவில் தண்டு இருக்கிறது, அதைவிட அதிகமாக மீன் சாறும் உப்பும் இருக்கின்றன. உப்பு கூடினால் சிறுநீரில் சுண்ணாம்புச் சத்து கூடும்; அது கல்லுக்குத் தீனி. பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட் கற்கள். எந்தச் சாறும் அவற்றைக் கரைத்துவிடாது. யூரிக் அமிலக் கல் போன்ற சிலவற்றைத்தான் மருந்தால் கரைக்கலாம். ஆனால் நாலு மில்லிமீட்டர் கல் பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும். மாண்டலே வெயிலில் உங்களுக்கு வேண்டியது தண்ணீர். எவ்வளவு குடித்தீர்கள் என்று எண்ணுவதைவிட, இரண்டு, இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிறதா என்று பாருங்கள். இரவு படுக்கும் முன்பும் ஒரு குவளை குடியுங்கள். பாலை நிறுத்தாதீர்கள், உணவிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். கல் வெளியே வந்தால் தூக்கி எறியாமல் பரிசோதனைக்குக் கொடுங்கள். வலியோடு காய்ச்சலும் வந்தால் மட்டும் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

கேள்வி: வயது 71. இரவில் ஐந்து முறை எழுகிறேன். முக்கித்தான் போக வேண்டியிருக்கிறது. புற்றுநோயோ என்று பயமாக இருக்கிறது. மகனிடம் சொல்லக் கூச்சம்.
— வாசகர், மோல்மேன்

பதில்: பெரியவரே, இந்த வயதில் புராஸ்டேட் சுரப்பி பருத்து வழியை நெருக்குவது மிகச் சாதாரணம், பெரும்பாலும் புற்றுநோய் இல்லை. மாத்திரையிலேயே நன்றாகக் குறையும். புற்றுநோய் இல்லை என்பதையும் பரிசோதித்து உறுதி செய்துகொள்ளலாம். சளிக்குக் கடையில் விற்கும் மாத்திரைகளைத் தவிருங்கள். சிலவற்றால் சிறுநீர் அடியோடு நின்றுவிடும். மகனிடம் சொல்லுங்கள். முடியாவிட்டால் இந்தப் பக்கத்தை மடித்து அவர் கண்ணில் படும்படி வையுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. இரண்டு வாரம் முன்பு காலில் சொறியும் சீழ்ப்புண்ணும் இருந்தன. இன்று காலை முகம் வீங்கி, கண் திறக்க முடியவில்லை. சிறுநீர் பால் விடாத தேநீர் நிறத்தில் கொஞ்சமாகப் போகிறது. என்ன செய்ய வேண்டும்?

பதில்: பதினேழு கடிதங்களில் பெயர், வீட்டு எண், தெரு, தொலைபேசி எல்லாம் எழுதி வந்தது இந்தத் தாயின் கடிதம். அவர் விவரங்களை இங்கே வெளியிடவில்லை. புண்ணிலோ தொண்டையிலோ இருந்த கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் பொருள்கள், சில வாரம் கழித்துச் சிறுநீரக வடிகட்டிகளில் போய்ப் படிந்து வீக்கம் உண்டாக்கும். பிள்ளைகளுக்கு இரத்த அழுத்தம் ஏறி வலிப்புகூட வரலாம். இதழ் அச்சாகும் வரை காத்திருக்க முடியாது என்பதால், கடிதம் கைக்கு வந்த அன்றே அவருக்குத் தொலைபேசியில் பேசி, பையனை மருத்துவமனையில் சேர்க்கச் சொன்னேன். உப்பைக் குறைத்து, நீரின் அளவைக் கட்டுப்படுத்தி, அழுத்தத்துக்கும் கிருமிக்கும் மருந்து கொடுக்கிறார்கள். நேற்று மாலை அந்தத் தாய் பேசினார். முகம் வடிந்துவிட்டதாம், சிறுநீர் தெளிந்துகொண்டு வருகிறதாம். தங்கைக்கும் அதே சொறி இருக்கிறது என்றார். அவளையும் நாளை அழைத்துப் போகும்படி சொல்லியிருக்கிறேன்.